ஞாயிற்றுக்கிழமை இரைச்சல்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் மூன்றாவது தெருவுக்குள் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல் கேட்கும். "மனுசங்க மேல தப்பு சொல்லாதீங்க சார். ஏதாவது பொருள்லதான் கோளாறு இருக்கும்." அவர் இப்போது இல்லை. வீட்டில் வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். கம்பத்திலிருந்து அந்த வீட்டுக்குப் போன டெலிபோன் ஒயரை அறுத்துத் துணி காயப்போடும் கொடியாகக் கட்டியிருக்கிறார்கள். என் சர்வீசில் எத்தனையோ லைன்களைச் சரி செய்திருக்கிறேன். தெரிந்தே சரி செய்யாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

நான் டெலிபோன் ஆபீசில் முப்பது வருடம் லைன்மேனாக இருந்துவிட்டு விருப்ப ஓய்வில் வெளியே வந்தவன். கடைசி சில வருடங்களில் எங்கள் பகுதியில் லேண்ட்லைன் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் அவரும் ஒருவர். சர்வே ஆபீசில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். மனைவி போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. போன் வைத்திருப்பவரை 'பார்ட்டி' என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். இவருக்குக் 'கரகர பார்ட்டி' என்று பெயர் வைத்திருந்தோம். திங்கட்கிழமை ஆபீசைத் திறந்ததும் முதல் புகார் அவருடையதாகத்தான் இருக்கும். லைனில் கரகரவென்று இரைச்சல், பேச முடியவில்லை.

நான் போவேன். கூடத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் போன், பக்கத்தில் ஒரு நாற்காலி. அந்த வீட்டில் இன்னொரு நாற்காலியை நான் பார்த்ததில்லை. என்னை அதில் உட்கார வைத்துவிட்டு அவர் நின்றுகொள்வார். என் செல்போனிலிருந்து அவர் நம்பருக்கு அடிப்பேன். மணி அடிக்கும், எடுத்துக் காதில் வைப்பேன். ஒரு பிசிறு இருக்காது. மீட்டரை மாட்டிப் பார்ப்பேன், அதுவும் சரி என்றே சொல்லும்.

"லைன் நல்லாத்தான் இருக்கு சார்."

"இப்ப நல்லாத்தான் இருக்கு. நேத்து பத்து மணிக்கு அப்பளத்தை நொறுக்கற மாதிரி இருந்துச்சு."

"நேத்து இருந்ததை இன்னிக்கு வந்து எப்படி சார் பிடிக்கிறது?"

"உங்க மேல தப்பு இல்ல சார். அந்த மீட்டர் உங்ககிட்ட பொய் சொல்லுது."

இப்படி ஏழெட்டு மாதம். நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். தனியாக இருக்கிற மனுஷர், வாய்விட்டுப் பேச ஆள் வேண்டியிருக்கிறது, அதற்கு இரைச்சல் ஒரு சாக்கு. இந்தக் கண்டுபிடிப்பில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அதற்கப்புறம் கருவிப் பையை வண்டியிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு உள்ளே போய், பத்து நிமிஷம் ஊர்க்கதை பேசி, அவர் போடும் டீயைக் குடித்துவிட்டு, 'சரி செய்யப்பட்டது' என்று எழுதிக்கொண்டு வருவேன். பெரிய தர்மம் செய்துவிட்ட நினைப்பு. அவர் பாவம், அந்தப் பத்து நிமிஷமும் நின்றபடி நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, நான் செருப்பு மாட்டும்போது மெதுவாகக் கேட்பார்.

"அப்ப அந்த இரைச்சல்?"

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மனிதர்கள் மேல் பழி போடாத அவர் குணம் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பேப்பர் போடுகிறவர் வாரத்தில் மூன்று நாள் பேப்பரைச் சாக்கடையில் போட்டுவிட்டுப் போவார். "கேட் உயரம் ஜாஸ்தி, அவர் என்ன பண்ணுவாரு?" ஒருநாள் குரங்குகள் தொங்கி விளையாடி அவர் வீட்டு ஒயரை இழுத்துப் போட்டுவிட்டன. ஊரே குரங்கைத் திட்டும், இவர் ஒயரைத் திட்டினார். "ஒயர் ஊஞ்சல் மாதிரி தொங்கினா குரங்கு ஆடாம என்ன செய்யும்?" மனிதர்களுக்குக் கொடுத்த சலுகையைக் குரங்குக்கும் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

ஆபீசில் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அவருக்குக் கீழே இருந்தவருக்குப் போயிருக்கிறது. யார் செய்த வேலை என்று கேட்டேன்.

"யாரும் செய்யல சார். என் ஃபைல் கனம். கனமான ஃபைல் அடியிலதான் கிடக்கும்."

மனைவி இறந்த கதையையும் இதே மாதிரிதான் சொன்னார். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வாசலில் யாரும் கவனிக்கவில்லை, நேரம் போய்விட்டது. யாராக இருந்தாலும் அந்த வாசலில் நின்று கத்தியிருப்பார்கள். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஸ்ட்ரெச்சர்ல ஒரு சக்கரம் சுத்தல சார். நாலுல ஒண்ணு. அது மட்டும் சுத்தியிருந்தா போதும்."

அன்றைக்கு எனக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பயமாக இருந்தது. இவ்வளவையும் ஒரு சக்கரத்தின் மேல் ஏற்றிவைத்துவிட்டு இந்த மனுஷர் எப்படித் தூங்குகிறார் என்று யோசித்தபடி வண்டியை எடுத்தேன்.

உண்மை ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அந்தத் தெருவில் என் மனைவியின் உறவுக்காரர் வீட்டுப் புதுமனைப் புகுவிழா. சாப்பிட்டுவிட்டு வரும்போது எட்டிப் பார்க்கலாம் என்று உள்ளே போனேன். அவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தில் மணி பத்து. என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கிக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எண்களை அழுத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு இரைச்சல். காதைக் கிழித்தது. அதற்குள் எங்கோ ஆழத்தில் ஒரு பெண் குரல். "யாரு? ஒண்ணும் கேக்கல. யாரு?" டக்கென்று வைத்த சத்தம்.

"கேட்டீங்களா?" என்றார்.

"இரைச்சலைக் கேட்டேன் சார். மன்னிச்சுக்கங்க."

"அது கிடக்கட்டும். தங்கச்சி குரல் கேட்டுச்சா?"

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் அவர் தங்கை கடை வைத்திருக்கிறார். அண்ணன் தங்கைக்குள் பேச்சு நின்று பதினோரு வருடம். தங்கையின் செல்போனுக்குக் கூப்பிட்டால் நம்பரைப் பார்த்துவிட்டு எடுக்க மாட்டார். கடையில் இருப்பது கூப்பிடுகிறவர் நம்பரைக் காட்டாத பழைய லேண்ட்லைன். ஞாயிறு பத்து மணிக்குச் சோடா கம்பெனிக்காரர்கள் ஆர்டர் கேட்டுக் கூப்பிடுவார்கள், அதனால் அந்த நேரம் எடுத்துத்தான் ஆகவேண்டும். இவரிடம் செல்போன் கிடையாது, கடைக்குக் கூப்பிட வீட்டு லேண்ட்லைன் ஒன்றுதான் வழி. அதனால்தான் இந்தப் பழைய போனை அவர் விடாமல் வைத்திருந்தார். தன் குரல் கேட்டால் தங்கை பேசிவிடுவாள், லைனில் இரைச்சல் இருப்பதால்தான் வைத்துவிடுகிறாள் என்று அவர் முழுசாக நம்பினார்.

"அரை மணி நேர பஸ்தானே சார், நேர்ல போயிடலாமே?"

"வரட்டுமான்னு கேட்டுட்டுத்தான் சார் போகணும்."

இன்னொன்றும் எனக்குப் புரிந்தது, என் தொழில் சம்பந்தப்பட்டது. பூமிக்கு அடியில் எங்கேயோ கம்பி இணைப்பு ஒன்று பச்சைத் துரு பூத்துக் கிடக்கிறது. அப்படிப்பட்ட இணைப்புதான் இரையும். ஆனால் போன் மணியடிக்கும்போது கம்பியில் ஒரு பலமான மின்சாரம் வரும். அது அந்தத் துருவைத் தள்ளிவிட்டு, சில மணி நேரத்துக்கு லைனைச் சுத்தமாக்கிவிடும். நாங்கள் சோதிக்கும்போது முதல் வேலையாக மணியடிக்க வைப்போம். மணியடித்ததும் கோளாறு ஒளிந்துகொள்ளும், நாங்கள் சரி என்று எழுதிவிட்டு வருவோம். வேறு வீட்டிலாக இருந்தால் ஒரு நாளைக்கு நாலு பேர் கூப்பிட்டிருப்பார்கள், இந்தக் கோளாறு தெரியவே வந்திருக்காது. இவரை யாரும் கூப்பிடுவதில்லை. வாரம் முழுவதும் மணியடிக்காத போனில்தான் அது இப்படி வளரும்.

அந்த லைன் போகும் பாதைக்கு மேல் புதிதாக சிமெண்ட் ரோடு போட்டிருந்தார்கள். ஒரே ஒரு லைனுக்காகத் தோண்ட அனுமதி கிடைக்காது. அதனால் அவரிடம் ஒரு ஏற்பாடு சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு நான் என் செல்லுல இருந்து அடிக்கறேன் சார். எடுக்காதீங்க. முழுசா அடிச்சு நிக்கட்டும். அப்புறம் பத்து மணிக்கு நீங்க தங்கச்சிக்குப் போடுங்க. லைன் சுத்தமா இருக்கும்."

"எடுக்கவே கூடாதா?"

"எடுக்காதீங்க. அது சும்மா மணி."

முதல் ஞாயிறு அடித்தேன். முழுசாக அடித்து நின்றது. திங்கட்கிழமை புகார் இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம், சாயங்காலம் நேரிலேயே போனேன். கதவைத் திறந்தவர் முகம் சின்னதாகிப் போயிருந்தது. லைன் நன்றாக இருந்ததாம். 'நான் அண்ணன் பேசறேன்' என்றாராம். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். 'யாரு' என்ற ஒரு வார்த்தைகூட இல்லை.

"அந்தப் பக்கம் போன்ல ஏதோ கோளாறு சார்," என்றார். "நம்ம பக்கம் சரியாயிடுச்சு. அதையும் ஒருவாட்டி பார்த்துடுங்க."

மறுநாள் அடி அண்ணாமலைக்குப் போனேன். கடையில் தங்கை எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார். அண்ணனின் அதே மூக்கு. போனைப் பார்க்க வந்தேன் என்றதும் சிரித்துவிட்டார்.

"இன்னா சார் கோளாறு? நல்லாத்தான் கேக்குது. முன்னெல்லாம் கரகரன்னு இருக்கும். அந்தக் கரகரப்பு வந்தாலே அண்ணன்தான்னு தெரியும். நானும் யாரு, கேக்கலன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வெச்சிடுவேன். இப்ப நல்லா கேக்குது. கேக்கறதாலதான் வெக்கறேன்."

பிறகு கடைக்குப் பின்னால் இருந்த வயலைக் காட்டினார். அவர்கள் நிலத்துக்கும் பங்காளி நிலத்துக்கும் எல்லைத் தகராறு வந்தபோது, அண்ணன் சர்வே ஆபீசில் இருந்தவர், அவரே அளக்கட்டும் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் அளந்து கல்லை நட்டார். கிணறு பங்காளி பக்கம் போய்விட்டது.

"எங்க வூட்டுக்காரர் கையால வெட்டின கெணறு சார். அதுக்கப்புறம் அவரு வயல்ல காலே வெக்கல. கடையே கதின்னு உக்காந்தாரு, அப்படியே போய்ட்டாரு. கூடப் பொறந்தவரு நட்ட கல்லு அது. எனக்கு இன்னா பேச்சு வரும் சொல்லுங்க."

நான் ஒரு சோடா குடித்துவிட்டு நேரே அண்ணன் வீட்டுக்கு வந்தேன். முப்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு பார்ட்டியிடம் பொய் சொன்னேன்.

"ஆமா சார். அந்தப் பக்கம்தான் கோளாறு."

அவர் என் முகத்தையே பார்த்தார். "பார்த்தீங்களா," என்றார். பிறகு, "மெதுவா சரி பண்ணட்டும். அவசரம் இல்ல."

தங்கைக்குப் போன் போடுவதை அதோடு நிறுத்திவிட்டார். நான் மணியடிப்பதை நிறுத்தவில்லை, நிறுத்த மனசு வரவில்லை. அந்த இரைச்சல் இருந்தவரை வாரத்துக்கு ரெண்டு வார்த்தையாவது அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. அதையும் நான் போய்ச் சரி செய்து பிடுங்கிக்கொண்டேன் என்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிறு போளூரில் கல்யாணம் என்று போய் மறந்துவிட்டேன். திங்கட்கிழமை ஆபீசில் புகார் காத்திருந்தது. இரைச்சல் பற்றி ஒன்றும் இல்லை. 'நேற்று மணி அடிக்கவில்லை' என்று மட்டும் சொல்லியிருந்தார். ஆபீசில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பது போல் நடித்தேன்.

அடுத்த ஞாயிறு அடித்தபோது, இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"பேசும்மா," என்றார். "நல்லா கேக்குது, பேசு."

நான்தான் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் எடுத்திருக்கிறார். நான் பேசினால் நான்தான் என்றாகிவிடும், வைத்துவிட்டால் தங்கை வைத்த மாதிரி ஆகிவிடும். போனைப் பிடித்தபடியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவரே வைத்துவிட்டார். அந்த வாரம் கடைத்தெருவில் பார்த்தபோது முந்திக்கொண்டு சொன்னார்.

"ரிசீவர் வழுக்குது சார். கை தானா எடுத்துடுச்சு."

"பழைய ரிசீவர் சார், அப்படித்தான் வழுக்கும்," என்றேன்.

அடுத்த ஞாயிறு ஒன்பதரைக்கு அடி அண்ணாமலைக் கடையில் போய் உட்கார்ந்தேன். நான் செய்தது சரியா என்று இன்றுவரை தெரியாது. அவரிடம் கேட்கவில்லை, தங்கையிடமும் சொல்லவில்லை. ஒன்பதே முக்காலுக்கு அவர் நம்பரை அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, பிஸ்கட் பாட்டில் மூடிமேல் செல்போனை வைத்தேன். தங்கை கை நிறைய எலுமிச்சம்பழச் சாறோடு, யாருக்கு என்பது போல் புருவத்தைத் தூக்கினார். மணி இரண்டு தரம் அடித்தது.

"பேசும்மா, நல்லா கேக்குது."

தங்கை கை நின்றது. என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். அணைத்துவிடு என்று அவர் சொல்லியிருந்தால் அணைத்திருப்பேன். சொல்லவில்லை. அந்தப் பக்கம் அவர் பேசிக்கொண்டே போனார், கேட்கிறவர் யார் என்று தெரியாமலே.

"நிலம் அளந்த சங்கிலி சரியாத்தான் இருந்துச்சும்மா. சந்தேகத்துல மறுபடி ரெண்டு வாட்டி பிடிச்சுப் பார்த்தேன். அதும் மேல பழி போட வழியே இல்ல. கல்லு நட்ட இடம் சரி. நட்ட ஆளுதான் சரியில்ல. கெணறு அந்தப் பக்கம் போகுதுன்னு உன்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு, நீ அழுது முடிச்சப்புறம் நட்டிருக்கணும். ஊர் முன்னாடி நட்டுட்டு நேரா பஸ் ஏறிட்டேன். உன் மூஞ்சியைப் பார்க்க பயம். தப்பு என் மேலதான்."

ஒரு மனிதன் மேல் அவர் தப்பு சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பாதையில் இரண்டு பேர் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்து போனார்கள். தங்கை முந்தானையில் கையைத் துடைத்தார். போன் பக்கம் குனிந்தார். லைன் அவ்வளவு சுத்தமாக இருந்தது, வேங்கிக்காலில் அவர் கூடத்துக் கடிகாரம் ஓடுவது எங்களுக்குக் கேட்டது.

"யாரு?" என்றார் தங்கை. குரல் கரகரத்தது. "ஒண்ணும் கேக்கல. யாரு?"

அந்தப் பக்கம் அவர் சிரிப்பதுபோல ஒரு சத்தம்.

"இரைச்சல்மா," என்றார். "லைன்ல பயங்கர இரைச்சல். அடுத்த வாரம் நானே போடறேன்."

இரைச்சல் திரும்பி வரட்டும் என்று, அதற்கடுத்த ஞாயிறிலிருந்து நான் மணியடிப்பதை நிறுத்திவிட்டேன். சில மாதம் கழித்துக் கால்வாய் வேலைக்காக அந்தச் சிமெண்ட் ரோட்டை உடைத்தபோது, பச்சை பூத்த இணைப்பு வெயிலில் வெளியே தெரிந்தது. பத்து நிமிஷ வேலை. காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் வழக்கம்போல ஒற்றை நாற்காலி, வழக்கம்போல என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றார்.

"லைன் எப்படி சார் இருக்கு?"

"மோசம் சார்," என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "இரைச்சல் முன்னைவிட ஜாஸ்தி. நேத்து ஏழு நிமிஷம், ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிட்டே இருந்தா."